தலை சீவாத பூச்சிகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் புனே ஹடப்சர் தமிழ் மன்றத்தின் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறை முதலாளி ஹரிபிரசாத் அவர்களே, துணைவியை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சுப்பையா அண்ணன் அவர்களே, இந்த அடைமழையிலும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என்னோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் ஜெபமணியின் வணக்கம். இப்படியொரு காரணத்துக்காக இந்த மேடை ஏறுவேன் என்று போன வாரம் இதே நேரம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் வனஜா அம்மையாரை நல்ல மனைவி என்றார்கள், நல்ல தாய் என்றார்கள், பொங்கல் விழாவென்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்ல வந்த ஒரு பெரியவர், ஏதோ ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தார் என்று முடித்துக்கொண்டார். ஏதோ கம்பெனியா? தொண்ணூற்று மூன்றிலிருந்து இந்த 2006 வரை கண் நோக நோக உழைத்தது ஏதோ ஒரு வேலைக்கா? அதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

வனஜா அம்மையார் பூச்சி கட்டினார். ஆமாம், பூச்சிதான். வெளிநாட்டில் குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் என்றொரு மீன் இருக்கிறது. அது மண்புழுவுக்கு மயங்குவதைவிடத் தண்ணீர் மேல் வந்து விழும் பூச்சிக்கு அதிகம் மயங்கும். அதனால் சின்னத் தூண்டில் முள்ளில் சேவலின் கழுத்து இறகு, முயல் ரோமம், பட்டு நூல் இவற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அசல் பூச்சி போலவே செய்து அனுப்புகிறோம். இறகுக்குச் சாயம் போடுவது என் வேலை. என் விரல் நகங்களைப் பார்த்தாலே தெரியும். கட்டுவது மற்ற சகோதரிகள். கட்டியதை எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா, கவிழ்கிறதா என்று பார்த்து, போகலாம் என்று சொல்வது வனஜா அம்மையார். அவர் போகலாம் என்று சொல்லாத ஒரு பூச்சிகூட இந்தப் புனேயைத் தாண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த மீனை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. வருடா வருடம் புதுத் தூண்டில் கோல், புது ரீல், புது நூல் என்று வண்ணப் படம் போட்ட புத்தகம் பட்டறைக்கு வரும். நாங்கள் அதில் ஆற்றையும் மலையையும் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். அவரோ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் தொப்பியில் எந்தப் பூச்சியைக் குத்தியிருக்கிறார் என்று பார்ப்பார். ஒருமுறை குடும்பத்தோடு கடக்வாஸ்லா அணைக்குப் போனவர், பஜ்ஜி வாங்கித் தின்றோம், வந்தோம் என்று இருந்தாரா? முந்தானையில் முடிந்து கொண்டுபோன பூச்சியைத் தண்ணீரில் விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீரில் விழப் போகிறார் என்று பயந்து காவலாளி விசில் ஊதினாராம். சுப்பையா அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு அவரால் சிரிக்க முடியவில்லை.

சபையோரே, இப்போது எங்கள் நெஞ்சை அழுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பிய அம்மையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று மாலை உடலை எடுப்பதற்கு முன் வாசலில் நின்று ஹரிபிரசாத் அவர்கள் குழந்தை போல அழுதார். அழுகையோடு அழுகையாக எங்களிடம் ஒன்றைச் சொன்னார்: "வனஜாம்மா இல்லாம நான் யாரை நம்பி மாதிரிப் பூச்சி அனுப்பறது? வந்த பார்சலைத் திருப்பிடலாம்னு இருக்கேன்."

அது என்ன பார்சல் என்று இங்கே பலருக்குத் தெரியாது. புது மாதிரி முள்ளும், ஃபோம் என்கிற மெத்தென்ற தாளும், பளபளக்கும் செயற்கை நூலும் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தன. அவற்றில் மாதிரிப் பூச்சிகள் கட்டி இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் பெரிய ஆர்டர். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. பட்டறை இல்லாவிட்டால் நாங்கள் ஒன்பது பெண்கள் வேறு வாசல் தேட வேண்டும். முதலாளியை நான் குறை சொல்லவில்லை. ஒருமுறை சூடுபட்டவர் அவர். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வனஜா அம்மையார் யார் என்பது அதில்தான் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் அம்மையார் ராணுவச் சீருடை தைக்கும் கடையில் இருந்தவர். அங்கே ஒரு பிசிறு நூல் தொங்கினால் உடுப்பு திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர், முயல் ரோமத்தில் கட்டும் பூச்சியைப் பார்த்தார். சிலிர்த்துக்கொண்டு, தாறுமாறாக நிற்கிறது. என்னடி இது, அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தரி எடுத்துச் சுத்தமாக நறுக்கச் சொன்னார். எங்களுக்குக் கேட்கவா வேண்டும்? பூத்தொடுத்தால்கூட நார் நுனி தெரியக்கூடாது என்று வளர்ந்த கைகள். மொழுமொழுவென்று மழித்து, அழகாக அடுக்கி அனுப்பினோம். அத்தனை பெட்டியும் திரும்பி வந்தது. எந்த மீனும் அதைச் சீந்தவில்லையாம்.

அன்றைக்கு ஹரிபிரசாத் அவர்கள் முகம் கறுத்து நின்றார். பெட்டியைக் கிளறினார். எல்லாவற்றையும்விட மொழுமொழுவென்று இருந்தது எங்களில் ஒருத்தியான பவுன் கட்டியது. பவுன் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கணவர் இல்லை, கையில் பச்சைக் குழந்தை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி வாய் திறந்தபோது வனஜா அம்மையார் எழுந்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஸாப், வெட்டச் சொன்னது நான். நான் சொன்னதை அவ ஒருத்திதான் ஒழுங்கா செஞ்சிருக்கா. போகணும்னா நான் போறேன்."

எத்தனை பேருக்கு வரும் அந்த வார்த்தை? மேற்பார்வை பார்க்கும் எத்தனை பேர், தப்பு என்னுடையது என்று கீழே இருப்பவர் காதுபடச் சொல்வார்கள்? நான் வேலை பார்த்த இடங்களில் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? அதுவும் இதே போல ஒரு மழைக்காலம். மறுநாள் வீட்டு டியூப்லைட்டில் விழுந்த பூச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். பூதக்கண்ணாடி வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். காலும் மீசையும் எட்டுத் திக்கும் நீட்டிக்கொண்டு நின்றன. அப்போது கேட்டார்: "எந்தப் பூச்சியாவது தலை சீவிட்டு வருதாடி?" நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பவுனும் சிரித்தாள். பிறகு மகன் சூர்யாவின் பள்ளிக்கூட ஷூவிலிருந்த சொரசொரப்பான வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை வெட்டி எடுத்து வந்து, ஒரு ஐஸ் குச்சியில் ஒட்டி, மழித்த பூச்சிகளைத் தேய்த்தார். கட்டுக்குள் அடங்கியிருந்த ரோமம் மெல்ல வெளியே வந்து சிலிர்த்துக்கொண்டது. நாங்களும் ஊசியால் நெம்பினோம். அந்தப் பெட்டிகள் மறுபடி போயின. இம்முறை திரும்பி வரவில்லை. சூர்யா, நீ ஒரு வாரம் ஷூவில் சணல் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாய் என்று அம்மா சொன்னார்கள். இன்று பெரிய கம்பெனியில் இருக்கிறாய். நம் பட்டறை பிழைத்ததில் உன் ஷூவுக்கும் பங்கு உண்டப்பா.

அப்படிப்பட்டவர் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் உட்கார எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அவர் இல்லை என்பது உண்மை. அவர் இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது என்பதும் உண்மையா?

பால் தெளித்து முடிந்த அன்று மதியம் நாங்கள் ஒன்பது பேரும் அவர் வீட்டில் இருந்தோம். சுப்பையா அண்ணன் ஒரு பையைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். புது முள், ஃபோம், நூல் எல்லாம் அதில் இருந்தன. பார்த்துப் பழக வேண்டும் என்று அம்மையார் புதன்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்த அதே பார்சல். முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள் என்றார் அண்ணன். யாரும் வாங்கவில்லை. பவுன்தான் கேட்டாள், "அண்ணா, இங்கயே உக்காந்து கட்டிப் பாக்கட்டுமா?" இழவு வீட்டில் இதென்ன கேள்வி என்று எனக்குக் கோபமே வந்தது. அண்ணன் அம்மையாரின் படத்தைப் பார்த்தார். "கட்டுங்கம்மா. சும்மா உக்காந்து அழுதா அவளுக்குப் புடிக்காது" என்றார்.

பெரியோர்களே, தாய்மார்களே! கட்டினோம். முதல் பூச்சி தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பவுன் அதை அவிழ்த்தாள். ஃபோமைக் குறுக்கி மறுபடி கட்டினாள். அதுவும் சாய்ந்தது. மறுபடி அவிழ்த்தாள். ஒருத்தி கட்டியதை மற்றவள் வாளியில் போட்டுப் பார்த்தாள். தன் பூச்சியைத் தானே போகலாம் என்று சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். அடுத்தடுத்த நாட்களும் அதே வீட்டில், அதே வாளி. கடைசியில் ஒரு பூச்சி இறகை விரித்து நிமிர்ந்து நின்றது. பவுன் வாய்விட்டு அழுதாள்.

ஹரிபிரசாத் அவர்களே, நீங்கள் எங்களுக்குப் படியளந்தவர். உங்களைக் கேட்காமல் எதையும் செய்ததில்லை. இந்த ஒரு காரியத்தைக் கேட்காமல் செய்துவிட்டோம். இன்று மத்தியானம், இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில், மாதிரிகளைக் கூரியரில் போட்டுவிட்டோம். அனுப்பியவர் என்ற இடத்தில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். திருப்பி அனுப்ப உங்களிடம் இனிப் பார்சல் கிடையாது. கோபம் இருந்தால் இங்கே வேண்டாம், நாளைக் காலையில் பட்டறையில் வைத்துத் திட்டுங்கள். அதற்காகவாவது கதவைத் திறந்து வையுங்கள். நாங்கள் வாசலில் நிற்போம்.