கண்டதா, கேட்டதா என்று வினவியவருக்கு

அம்மையீர்!

ஆயிரம் குரல்களுக்கு நடுவே ஒரு சாட்சியைத் தேடியவரே! இருபத்தாறு மழைக்காலங்கள் இந்த வெள்ளக் கட்டுப்பாட்டு அறையைக் காத்து, இன்று விடைபெறும் எங்கள் தலைமை அலுவலரே! வணக்கம்.

நீங்கள் பொறுப்பேற்றபோது தொலைபேசிப் பதிவேட்டில் பெயர், நேரம், செய்தி என்று மூன்று கட்டங்களே இருந்தன. நான்காவதை அடிக்கோல் வைத்து நீங்களே வரைந்தீர்கள்: கண்டதா, கேட்டதா? சொன்னவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், அந்தக் கட்டம் நிரம்பாமல் உங்கள் கை சைரன் விசைக்குப் போனதில்லை. "மேடம்கிட்ட மழை பெய்யுதுன்னா, நீ நனைஞ்சியான்னு கேப்பாங்க" என்பது எங்கள் கேலி.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மதியத்தை நாங்கள் மறக்கவில்லை. ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று நாற்பது அழைப்புகள். பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்கச் சொன்னீர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பது பேரும் கைப்பேசியில் வந்த ஒரே குரல்பதிவைக் கேட்டவர்கள். நாற்பது வரிகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்த்து 'ஒன்று' என்று எழுதினீர்கள். ஊர் முழுக்க சைரன் ஒலித்தால் எல்லாரும் அந்த ஒற்றைப் பாலத்துக்கு ஓடுவார்கள். நெரிசலில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஒலிக்காமல் விட்டு, கரை உண்மையாகவே உடைந்திருந்தால்? கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

நாற்பத்தோராவது அழைப்பைக் கடைசி மேசைக்காரர் எடுத்தார். பேசியது அவர் மனைவி. கீழத்தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்றார். இவர் மேலே எதுவும் விசாரிக்காமல் 'கேட்டது' என்று எழுதிவிட்டார். ஏன் என்றீர்கள்.

"அவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவா, மேடம்."

"அது அவங்களைப் பத்தி உங்க அபிப்பிராயம், தம்பி. அவங்க என்ன பார்த்தாங்க? திரும்பப் போடுங்க."

போட்டார். "வாசல்ல நாலு படி. இப்ப ரெண்டுதான் தெரியுது" என்றது குரல்.

'கண்டது' என்று நீங்களே திருத்தி, கீழத்தெரு சைரனை மட்டும் ஒலிக்கவிட்டீர்கள். உடைந்தது ஏரியல்ல, தெருவோரக் கால்வாய். ஜன்னல் உயரத்துக்கு நீர் வந்தபோது தெருவில் ஆளில்லை. கடைசி மேசைக்காரரின் மனைவிக்கு அந்த சைரன் இன்னும் மூன்று ஆண்டுகள் தந்தது. பிறகு வந்த நோய்க்கு எந்த சைரனும் ஒலிக்கவில்லை.

திங்கள் முதல் உங்கள் நாற்காலி அந்தக் கடைசி மேசைக்காரருக்கு. வானிலை அறிக்கை கனமழை என்கிறது. அவருக்குப் பயமாக இருக்கிறது; எங்களுக்கும்தான். நான்காவது கட்டத்தில் அந்தப் பயத்தைக் 'கண்டது' என்றே எழுதிக்கொள்கிறோம்.

நோயின்றி நெடுநாள் வாழுங்கள், அம்மையீர்! நீங்கள் நலம் என்று யாரோ சொல்லி நாங்கள் அறிய வேண்டாம். மாதம் ஒருமுறை இந்தப் படியேறி வாருங்கள். நேரில் பார்த்தால்தான் பதிவேட்டில் ஏற்றுவோம்.

என்றும் அன்புடன்,
கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள்