நண்டு சூப்பின் மீது விழுந்த பழி

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, நம் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் எல்லா மாடிகளிலிருந்தும் தயாளனின் இரங்கல் கூட்டத்துக்கு இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, முன் வரிசையில் இருக்கும் அவர் மனைவி, என் தங்கை ரூபினியே, வணக்கம்.

இப்படி நடக்கும் என்று இந்தப் புவனேஸ்வரன் அன்றே சொன்னேன். கொசு ஒழிப்புக் குழுவுக்கு அமரர் தயாளன் தலைவர், நான் துணைத் தலைவர். கிளினிக்கில் அவருக்கு ரத்தம் எடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். வெள்ளை அணுக்கள் நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூவாயிரம்தான் இருந்தது. பிளேட்லெட் இன்னும் இறங்கவில்லை. டாக்டர் வாய் திறக்கும் முன்பே, "டிங்கிலா டாக்டர், டெங்குக் காய்ச்சல்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்கிள் எந்த யூனிவர்சிட்டி?" என்றார். நான் படித்தது ஆறாம் வகுப்பு.

உடம்புக்குள் வேறு கிருமி நுழைந்தால் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் கூடும். டிங்கியில் குறையும். காவலுக்கு நின்றவர்கள் காணாமல் போனால் சந்தேகப்பட வேண்டாமா? டாக்டர் சந்தேகப்பட்டார். "தினமும் வந்து ரத்தம் காட்டணும். காய்ச்சல் இறங்குற நாள்தான் ரொம்பக் கவனம்" என்றார்.

தயாளன் யார்? கைவிளக்கோடு ஒவ்வொரு வீட்டுப் பூத்தொட்டியையும் எட்டிப் பார்த்தவர். மூன்றாம் மாடி மர்ஜானா, "அண்ணே, இந்த ஜாடி என் மாமியார் கொடுத்தது, தொடாதீங்க" என்றபோது, "ஜாடி மாமியாரோடது. உள்ள நீந்துறது யாரோடது?" என்று கேட்டவர். அவர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியதில்லை. அப்படியென்றால் அவரைக் கடித்தது எந்த வீட்டுக் கொசு? ஏர்கோனில் சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்தவர் யார்? அந்த வாளிக்காரர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். யாரும் தலை குனிய வேண்டாம். நான் இன்னும் பெயர் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள்? "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாம நண்டு சூப்ப ஊத்தியே அனுப்பி வச்சுட்டா" என்று லிஃப்டில் பேசியது என் காதில் விழவில்லையா? டிங்கி என்றதும் நண்டு சூப் வைக்காத வீடு இந்தப் பினாங்கில் உண்டா? அதே சூப்பை நான் மூன்று கிண்ணம் குடித்தேன். உங்கள் முன்னால்தான் நிற்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கீழே நம் கோத்தோங் ரோயோங் துப்புரவு வேலை. மண்வெட்டியோடு லிஃப்டில் ஏறியவர் என்னிடம் சொன்னார்: "மச்சான், கிளினிக்குப் போலாம்னு ரூபினி அழுவுறா. நான்தான் மாட்டேன்னுட்டேன். காய்ச்சல்தான் விட்டுருச்சேலா. சாக்கடைய மொதல்ல முடிப்போம்." அன்று மாலையே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

இப்போது தலையாட்டுகிறீர்கள். நல்லது.

தயாளனின் கைவிளக்கு இனி என் கையில். ஞாயிறுதோறும் உங்கள் கதவைத் தட்டுவேன். முதலில் என் வீட்டு வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வருவேன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "வெள்ளை அணு எவ்வளவு?" என்று கேட்பேன். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்பவரைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன். அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவேன். தயாளன் விட்ட வேலையை இந்தப் புவனேஸ்வரன் விடமாட்டான்.

ரூபினி என்னைப் பார்த்து, இல்லை என்று தலையசைக்கிறாள். சரிம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்டில் தயாளன் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. "மழை வரும் போலருக்கு, சீக்கிரம் முடிப்போம்" என்றார், அவ்வளவுதான். கிளினிக்குக்கு வரச்சொல்லித் தான் அழுததையும், அவர் மறுத்ததையும் என்னிடம் சொன்னது ரூபினி. உங்களிடமும் அதையேதான் சொன்னாள். அவள் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவர் சொன்னதாக நான் சொன்னதும் இந்த மண்டபமே தலையாட்டியது.