மாப்பிள்ளை முழங்கால்

எனக்கு எதையும் ஒரே ஒரு விதமாகச் செய்து முடித்துவிடப் பிடிக்காது. சட்டை எடுக்கப் போனால்கூட நாலைந்தை எடுத்து வைத்து, கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் ஒன்றை வாங்குவேன். தொழிலும் அப்படியே அமைந்துவிட்டது. அதனால் உங்கள் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு வராது சார். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தண்ணீர் வைத்ததற்கு நன்றி.

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் நான் டிசைனர். படித்து வாங்கிய வேலை இல்லை. பழைய டிசைனர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மௌஸைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரில் ஒரு துண்டை ஒருமுறை ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும். பக்கத்தில் ஓர் அட்டவணை திறக்கும். நீளம், தடிமன், ஓட்டை, சரிவு என்று அதில் எண்களைப் போட வேண்டும். ஒரு எண்ணை மாற்றினால் திரையில் துண்டு தானாக உருமாறும். தடிக்கும், இளைக்கும், ஓட்டை நகரும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஃபைலுக்குள் ஒரு குடும்பமே இருக்கும். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்வார்கள்.

தம்பிக்கு வலது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. பைக்கில் போனவன்மேல் லாரி ஏறியது. அன்று அவன் வேறு ஊரில் வேலை கிடைத்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான். போகாதே என்று நான் சொல்லியிருந்தேன். சொல்லிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில்கூட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அப்பாவை அவனுக்கு ஞாபகமே இல்லை. காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போட்டது, பக்கத்துப் பையன் பேனாவை அவன் எடுத்ததற்கு ஹெட்மாஸ்டர் முன்னால் தலைகுனிந்து நின்றது, எல்லாம் நான்தான். எனக்கென்று ஒரு குடும்பம் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டது. இதை அவனிடம் சொல்லியிருக்கிறேன். அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

கால் போனபிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குத் தப்பாகப் படலாம். அவை நல்ல மாதங்கள். சாயங்காலம் மூன்று மாடி ஏறி நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும். "வந்துட்டியாண்ணா? கதவு தெறந்துதான் இருக்கு. திருடன் வந்தா என் காலத்தான் தூக்கிட்டுப் போகணும், அதுவும் ஒத்தைதான் இருக்கு, ஜோடி சேராதுன்னு வெச்சிட்டுப் போயிருவான்." அவன் அப்படித்தான். அடுத்தவன் கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் தானே பண்ணிக்கொள்வான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வைப்பேன். அவன் கை என் கழுத்தைச் சுற்றியிருக்கும். வளர்ந்தபிறகு அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் அவனுக்குச் சரிப்படவில்லை. நானே செய்து தருகிறேன் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அப்போது என் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

செயற்கை முழங்காலில் ஸ்டாப்பர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு உண்டு. பாதித் தீப்பெட்டி அளவுதான். காலை நீட்டும்போது முழங்கால் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அதன் முகத்துச் சரிவு சரியாக இருந்தால், உடம்பின் பாரம் இறங்கியதும் முழங்கால் அசையாமல் நின்றுவிடும். சரிவு ஒரு முடியளவு தப்பினால், சமதளத்தில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் கால் வைத்தால் மடங்கிவிடும். நான் வரைந்தது எல்லாமே இந்த ஒரு துண்டின் வகைகள்தான்.

முதலாவதை மாட்டிக்கொண்டு நாலடி வைத்தான். "எடுத்து வைக்கற அடிக்கெல்லாம் தடுக்குதுண்ணா. இதுக்கு மாமியார்னு பேர் போடு" என்றான். போட்டேன். இரண்டாவது அவ்வளவு மோசமில்லை. "நல்ல மனுஷன்தான். ஆனா எந்திரிச்சு ஒரு எடத்துக்கு வரதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும். இது சித்தப்பா." அதையும் போட்டேன். மூன்றாவதை மாட்டியதும் எழுந்தான். அடுப்பங்கரையிலிருந்து பால்கனிவரை சுவரைப் பிடிக்காமல் போனான். திரும்பினான். தோளில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. "அண்ணா, இதான் மாப்பிள்ளை. பொண்ணு வீட்டுக்குப் போற நடை பாரு."

அது நல்ல வேலை. என் கையால் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

பட்டறையில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. கழுத்தில் விசில் தொங்கும். தம்பி அவளை விசில் என்றுதான் கூப்பிடுவான். ஒற்றைக் காலில் நிற்பதால் அவள் அவனைக் கொக்கு என்பாள்.

"கொக்கு, தரையப் பாக்காத. தரை எங்கயும் ஓடிப் போயிறாது."

"தரைய எவன் பாத்தான்? உன் செருப்பு பிஞ்சிருக்கு, அதப் பாத்தேன்."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒரு நாள் இருவரும் தெருக்கோடிவரை நடந்து, சந்தைச் சரிவில் இறங்கி ஏறி, மூன்று மாடியும் ஏறி வந்தார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது, அதற்கு நடுவே சிரிப்பு. "அண்ணா, நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம். தரைத்தளம். கல்யாணம் முடிஞ்சதும் போயிரலாம்னு இருக்கோம். நீ ஞாயித்துக்கிழமைல வந்துட்டுப் போ."

"சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவேன் அண்ணா" என்றாள் அவள்.

வந்துட்டுப் போ என்பது விருந்தாளியிடம் சொல்வது சார். அது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ரொம்ப சந்தோஷம் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் போனபிறகு முழங்காலைக் கழற்றி ஸ்டாப்பரைப் பார்த்து, தேய்ந்திருக்கிறது, இன்னும் கெட்டியாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். அது தேயவில்லை.

நாலாவது வரிசையில் சரிவை மட்டும் மாற்றினேன். சரியான எண் எனக்குத் தெரியாது. ரொம்பக் குறைத்தால் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடுவான். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் அவன் நன்றாக நடக்க வேண்டும். வெளியில்தான் கால் மடங்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வகை செய்து பார்க்க வேண்டியிருந்தது. தம்பிக்கு அப்படியே மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டறைக்குக் கால் ரிப்பேருக்கு வரும் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். முதலில் அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் மேம்பாலப் படியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்கு நான் வருத்தப்படுகிறேன். ஆனால் எந்த எண் அதிகம் என்று தெரிந்தது.

வீட்டு மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிட்ட தம்பி முதலில் விழுந்தது பஸ் நிறுத்தத்துப் படியில். அடுத்து சந்தைச் சரிவில். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அவனும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். ஒன்றுக்கு வட்டிக்காரன். ஒன்றுக்குச் சகுனி. அதற்குப் பிறகு வந்ததற்கு அவன் பெயர் சொல்லவில்லை. "ஏதாவது போட்டுக்கோண்ணா" என்றான்.

அவள்தான் பட்டறையில் என் மேஜைக்கு வந்து நின்றாள். "அண்ணா, புதுசு புதுசா எதுக்கு? அந்த மாப்பிள்ளையவே திரும்பப் போடுங்களேன். தேஞ்சா தேயட்டும், வேற வெட்டிக்கலாம்."

நியாயமான பேச்சு. நான் ஃபைலைத் திறந்து, அவள் பார்க்கவே மாப்பிள்ளை என்ற வரிசையைக் காட்டினேன். அவள் போனபிறகு அந்த வரிசையில் சரிவின் எண்ணை மட்டும் மாற்றினேன். பெயரைத் தொடவில்லை. மெஷினில் வெட்டி வந்தபோது தம்பி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அவன்தானேண்ணா? அதே மாப்பிள்ளைதானே?" நான் திரையில் பெயரைக் காட்டினேன். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று சந்தையில் ஒரு காய்க்காரர் கூடைமேல் விழுந்தான். உதடு கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, அந்த இரும்பு முழங்காலை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "இவன் மேல தப்பில்லண்ணா. இவன்தான் என்னை அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனவன். கோளாறு எங்கிட்டதான்."

நான் மறுத்துப் பேசவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.

அவளை இனி வர வேண்டாம் என்று அவன் போனில் சொல்லிவிட்டான். "நாலு படி எறங்கத் தெரியாதவன வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?" அவள் மறுநாளே ஏறி வந்துவிட்டாள். "நீ எறங்க வேணாம்டா கொக்கு. நான் ஏறி வரேன். எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு." அதற்கு அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் நான் பட்டறையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். உன்னைப் பார்த்த ஒவ்வொரு நாளும் அவன் சாப்பிடுவதில்லை, உன் எதிரில் சிரிக்கிறான், நீ போனதும் சுவரில் முட்டிக்கொள்கிறான் என்றேன். அவன் ஒருநாளும் முட்டிக்கொண்டதில்லை. அவள் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று சாமான் ஏற்றிய வண்டியோடு எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்று போன் பண்ணினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "கெளம்பறேன். உன்ன விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல. எறங்கி வரியா, நான் மேல வரட்டுமா?"

"நீ அங்கயே நில்லு. நானே வரேன்" என்றான். என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் பழைய மிடுக்கு இருந்தது. "அண்ணா, மாப்பிள்ளைய எடு. விழுந்தாலும் பரவால்ல. அவ கண்ணு முன்னாடியே விழுந்துக்கறேன். ஆனா எறங்கிப் பாத்துரணும்."

வீட்டில் என் மேஜை டிராயரில் இரண்டு ஸ்டாப்பர்கள் இருந்தன. எண்ணை மாற்றுவதற்கு முன்னால் வெட்டிய நல்ல மாப்பிள்ளையை நான் தூக்கிப் போடவில்லை. நல்ல வேலையை எப்படித் தூக்கிப் போடுவது? இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டாயா என்று நீங்கள் கேட்டீர்கள். என் நன்மைக்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. இல்லை சார். மாற்றி எடுக்கவில்லை. எது எது என்று தெரிந்துதான் எடுத்தேன். நானே மாட்டி, நானே திருகாணியை முடுக்கினேன். ரொம்ப இறுக்கமாக இருக்கிறதா என்றும் கேட்டேன். "சரியா இருக்குண்ணா" என்றான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் பின்னாலேயே போனேன். ஒரு மாடியை இறங்கிவிட்டான். அண்ணாந்து என்னைப் பார்த்து, "பாத்தியாண்ணா" என்றான். திருப்பத்தில் அவள் கீழேயிருந்து கொக்கு என்று கூப்பிட்டாள். அவன் கையாட்டுவதற்குக் கைப்பிடியை விட்டான். வலது முழங்கால் மடங்கியது. இடது கால் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. உடம்பு மட்டும் கீழே போனது. நான் கையை நீட்டினேனா என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நீட்டவில்லை.

கால் பிழைக்கவில்லை. ரத்தக்குழாய் அறுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். இடது காலையும் முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள் ஊருக்குப் போகவில்லை. அவனுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் டிராயரைத் திறந்திருக்கிறாள். அதில் கிடந்த துண்டையும், அவனிடமிருந்து கழற்றிய முழங்காலில் இருந்ததையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி.

நான்தான் செய்தேன். வாட்ச்மேனுக்கும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். நல்லது. அவன் தாங்க மாட்டான். விழுந்தது தன் தப்பு என்றே இருக்கட்டும், அது அவனுக்குப் பழகிவிட்டது.

கம்ப்யூட்டரை எடுத்து வந்துவிட்டீர்கள். பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இடது காலுக்குப் புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை. நடுவில் ஒரு தளத்தைக் காட்டிவிட்டால், கண்ணாடியில் தெரிவது போல வலது இடதாகத் திரும்பிக்கொள்ளும். ஓட்டை, தடிமன், சரிவு எல்லாம் அப்படியே வந்துவிடும். நீங்கள் கதவைத் தட்டியபோது அதைத்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் சரிவை வைத்தாய் என்கிறீர்கள். கடைசியாக அவன் போட்டிருந்ததைத்தான். இரண்டு காலும் ஒன்றுபோல இருந்தால்தான் சார், வீட்டுக்குள் அவனால் பயமில்லாமல் நடக்க முடியும்.