மலையைச் சிவக்க வைத்தவள்

எனக்கு ஒரு நேர்கோடு போடக்கூட வராது, சார். ஆனால் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

என் வீட்டுக்காரர் ஓவியர். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அது எனக்கு மட்டும் தெரியும். சாயத்தைப் புட்டிகளில் ஊற்றி, நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுவது என் வேலை. அதைப் படித்துத் தீட்டுவது அவர் வேலை.

என் தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொண்ட அன்று, இரண்டு சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். முக்கோணம் முக்கோணமாக அடுக்கிய பச்சை மலை ரத்தச் சிவப்பில் எழுந்து நின்றது. அடிவாரத்தில் இருந்த சிவப்புக் கூரை பச்சையாகிவிட்டது. கண்காட்சியில் அவர் மானம் போகட்டும் என்று காத்திருந்தேன், கழுத்தில் மாலை விழுந்தது. ஊரே சிவப்பு என்றதும் ஒரு நிமிடம் விழித்தவர், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதினார். பச்சைக் கூரை நம்பிக்கையின் துளிராம். "இந்தச் சிவப்பில் கோபத்தின் சாயலே இல்லை, கனிந்த மனத்தின் அமைதி." படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அது முழுக்க என் கோபம்.

பிறகு பேட்டி எடுக்க ஒரு பெண் வந்தாள். நான் டீ கொண்டுபோனேன்.

"இந்தச் சிவப்பு எங்கேருந்து சார் வந்துச்சு?"

"என் தனிமையிலேருந்தும்மா. வீட்டுல யாருக்கும் அது புரியாது," என்றார், என் கையிலிருந்து டம்ளரை வாங்கியபடியே.

அவள் போனதும் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் மன்னித்திருப்பேன். சிரித்தார்.

"அதனால என்னடி? சீட்டு ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பதில் சொல்ல வேண்டாமா?

அவருடைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டுவதும் நான்தான். நெஞ்சுக்குச் சிவப்பு, தினம் மூன்று. தூக்கத்துக்குப் பச்சை, இரவில் ஒன்றே ஒன்று. இரண்டு சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். வேளை தவறாமல் தண்ணீரும் கொடுத்தேன்.

"தூக்கம் தூக்கமா வருதுடி," என்றார் ஐந்தாம் நாள்.

"வயசாகுதுல்ல," என்றேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் எழுந்திருக்கவில்லை.

கோபத்தில் செய்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை, சார். என்னிடம் கோபத்தின் சாயலே கிடையாது. நான் சொல்லவில்லை, விஷயம் தெரிந்த அந்த விமர்சகர் அச்சிலேயே எழுதியிருக்கிறார்.