லிப்ட்காரனுக்கு எதுக்குப் படிக்கட்டு?

...அதத்தான் சார் நானும் கேக்கறேன், கரண்டு போனா லிப்ட் ஓட்டறவன் என்ன சார் பண்ணுவான்? நானா போயி கம்பிய அறுத்தேன்? கதவ ஆட்டாதீங்க சார், வராது. மாடிக்கு நேரா நின்னாத்தான் அது தொறக்கும். நீங்க தரைக்கும் மொதல் மாடிக்கும் நடுவுல தொங்கறீங்க. பயப்படாதீங்க, விழாது! இத்தன வருஷமா ஓட்டறேன், நின்னிருக்கு, மொனகியிருக்கு, ஒரு தடவ கூட விழுந்ததில்ல. ஆளுக்குச் சொல்லியாச்சு. வந்துட்டே இருக்கான். அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேன், பேச்சுத் தொணைக்கு. இந்தக் கட்டடத்துல அது ஒரு வசதி சார், படிக்கட்டு லிப்டச் சுத்திச் சுத்தியேதான் மேல போகுது. கூண்டுக் கம்பி வழியா மொகம் பாத்துப் பேசலாம். அப்பாடா... ஐயோ, முட்டி!

பாத்தீங்களா? உக்காரவே இவ்ளோ பாடு. எந்திரிக்கறதப் பத்தி நான் இப்ப நெனைக்கவே போறதில்ல.

குண்டாயிட்டேன் சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், உங்க பார்வையே சொல்லுது. நீங்க தெனமும் என் லிப்ட்ல வர்றவரு, உங்களுக்குத் தெரியாததா? மொதல்ல என்கூட நாலு பேர் தாராளமா நிப்பாங்க. இப்ப மூணாவது ஆளே வயித்த எக்கிட்டுத்தான் நிக்கறாரு. இதுக்கு யார் சார் காரணம்? நானா? சத்தியமா நான் இல்ல. அந்த ஸ்டூலு! காலைல உக்காந்தா சாயந்திரம் எந்திரிக்கற ஸ்டூலு. மேல போறதும் உக்காந்து, கீழ வர்றதும் உக்காந்து. ஒரு நாளைக்கு எத்தன தடவ மேல போறேன்! அந்தக் கணக்குக்கு நான் ஈர்க்குச்சியால்ல இருக்கணும்? ம்ஹூம். ஏறினது பூரா லிப்ட், எளைச்சது எதுவும் இல்ல.

அப்புறம் இந்தக் கட்டடத்து ஆளுங்க. நல்லவங்க சார், நல்லவங்கதான், அதான் பிரச்சனையே. மொதல் மாடி இன்சூரன்ஸ்காரங்க ஒரு ஆள மடக்கிட்டாங்கன்னா எனக்கு ஸ்வீட்டு. ரெண்டாவது மாடி ஆடிட்டர் அம்மா, வீட்டுல பிஸ்கட் செஞ்சாங்கன்னா டப்பாவோட எனக்கு. உங்க அஞ்சாவது மாடியக் கேக்கவே வேணாம், அங்க தெனமும் யாராவது பொறந்துட்டே இருக்காங்க! மூணாவது மாடி பல் டாக்டர் ஒருத்தர்தான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு மிட்டாய் தந்ததில்ல. தர்றத வேணாம்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படாதா? அடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னே நான் ஊதிட்டேன் சார்.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பல் டாக்டர் இல்ல, பெரிய டாக்டர். எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டு, "இதயம் நல்லா இருக்கு, ரத்தம் நல்லா இருக்கு, எடைதான் கொஞ்சம்... பட்டினியெல்லாம் கிடக்க வேணாம், சின்னச் சின்னதா மாத்திக்குங்க, போதும். ஒடம்பு உங்களோடது, பொறுப்பும் உங்களோடதுதான்"னார். எனக்கு வந்துச்சே கோவம்! பீஸ் வாங்கறது அவரு, பொறுப்பு மட்டும் எனக்கா?

சரி, பெரியவர் சொல்றாரேன்னு எல்லாத்தையும் மாத்தினேன் சார். கேளுங்க, இந்தாங்க, மணிய அப்புறம் பாக்கலாம், கேளுங்க. டீயில சக்கரைய நிறுத்தினேன். நிறுத்தினதும் அந்த டீ தொண்டைல எறங்குதா? எறங்கல. அத எறக்கறதுக்குக் கூட ரெண்டு பன்னு வேண்டியிருக்கு. என் சம்சாரம் பெரிய தட்டையெல்லாம் பரண்ல தூக்கிப் போட்டுட்டு சின்னத் தட்டு வாங்கிட்டு வந்தா. நல்ல பொம்பள, என்மேல அக்கறை. நானும் ஒத்துக்கிட்டேன். சின்னத் தட்டுல ஒரு வசதி இருக்கு சார், அடிக்கடி போட்டுக்கலாம். மெதுவா மென்னு சாப்பிடச் சொன்னாங்க. மென்னேன். ரொம்ப நேரம் மென்னேன். சாப்பாட்டு நேரம்தான் நீண்டுச்சு. ராத்திரி நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். எங்க தெருவுல நடந்தா நேரா பேக்கரி வாசல்லதான் போய் முடியுது. தெருவ அப்படிப் போட்டது நானா?

என்னது... சார், ஒரு நிமிஷம். அந்தப் பெட்டில என்ன? கேக்கா? வாசன அப்பவே வந்துச்சு, கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஓ, உங்க ஆபீஸ்ல யாரோ ரிடையர் ஆகறாங்களா, மிச்சமா? ஐயையோ, வேணாம் சார். வேணவே வேணாம். நான் விட்டுட்டேன். ...இல்ல, நீங்க கம்பிக்குள்ள கைய விட்டு நீட்டிட்டீங்க, திருப்பி எடுக்கறப்ப கிரீம் பூரா கம்பில ஒட்டிக்கும், கம்பியத் தொடைக்கறது யாரு? நான்தான். குடுங்க. ம்... ம்ம். நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லாம இருந்திருக்கலாம்.

சிரிக்காதீங்க சார். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னு சொல்லட்டுமா? சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

எனக்கு ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்த எடம் தங்கமான எடம். மாப்பிள்ளை நூலகத்துல வேலை, குரலே எழும்பாது. எல்லாம் சரி. வீடுதான் சார்... நாலாவது மாடி. லிப்ட் கெடையாது. வாழ்க்கை பூரா லிப்ட்லயே ஏறினவன் பொண்ணு, படியேறிப் போற வீட்டுல! இந்தத் தலையெழுத்த எங்க போய்ச் சொல்ல? ஆரம்பத்துல சமாளிச்சேன். நான் கீழ வாசல்ல நின்னு போன் பண்ணுவேன், அவ குடுகுடுன்னு எறங்கி வருவா. பேசிட்டுப் போயிடுவேன். மாசமா இருந்தப்ப ஏறி எறங்க வேணாம்னு மேலேருந்து கயித்துல ஒரு பையக் கட்டி விடுவா, பழம், துணின்னு வாங்கிட்டுப் போறதப் போட்டு விடுவேன், மேல போயிடும். அக்கம்பக்கத்துல எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்பப் பேரன் பொறந்திருக்கான் சார். பேரன்! அவன எப்படிப் பையில வெச்சு எறக்க முடியும்?

ஆஸ்பத்திரில பாத்தேன், அங்க லிப்ட் இருந்துச்சு. இத்தினூண்டு மொகம், அதுல என் மூக்கு. அதுக்கப்புறம் அவங்க வீட்டுக்குப் போனாங்க, அதோட சரி. போன்ல படம் வருது. சிரிக்கறானாம். குப்புற விழப் பாக்கறானாம். ஒரு தடவ மனச திடப்படுத்திட்டுப் போனேன், ரெண்டாவது மாடில யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல உக்காந்துட்டேன். அந்தம்மா தண்ணி குடுத்தாங்க. குடிச்சிட்டு எறங்கி வந்துட்டேன். பொண்ணுகிட்ட "வேலை ஜாஸ்திம்மா"ன்னேன். என்னன்னு சொல்றது சார், உங்கப்பனால உன் வீட்டுக்கு ஏற முடியலன்னா? மாப்பிள்ளை நாலு கூட்டாளிகளக் கூட்டிட்டு வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போறேன்னாரு. செத்த பொணமா நான்? மாட்டேன்னுட்டேன். நேத்து அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா, "அப்பாவுக்குப் பேரனப் பாக்கணும்னு மனசே இல்லம்மா"ன்னு. மனசு இல்லையாம்! ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. சின்னத் தட்டு கூட முழுசா எறங்கல.

அதனாலதான் சார், நானும் படியேறிப் பழகிடலாம்னு தெனமும் டீ நேரத்துல... அது கெடக்கட்டும் விடுங்க. என்ன மேல காட்டறீங்க? எங்க? என் தலைக்கு மேலயா? பல்பு. ஆமா, படிக்கட்டு பல்பு. எரியுது. நல்லாத்தான் எரியுது...

ஓ.

கரண்டு இல்லன்னா எப்படி எரியுதுங்கறீங்க. ம். அது வேற லைனு சார். ...அந்த ஜெராக்ஸ் மிஷின் சத்தமா? அதுவும் வேற... சரி விடுங்க. அப்படிப் பாக்காதீங்க, கூண்டுக்குள்ள இருக்கறது நீங்க, குற்றவாளி மாதிரி முழிக்கறது நானா இருக்கு.

சொல்லிடறேன். கோச்சுக்கக் கூடாது. லிப்ட் சுவிட்ச் மொட்டமாடி மெஷின் ரூம்ல இருக்கு. தெனமும் டீ நேரத்துல, யாரும் இல்லாதப்ப, லிப்ட்லயே மேல போயி அத அணைச்சுடுவேன். ஏன்னா லிப்ட் கண்ணு முன்னாடி ஓடிட்டு இருந்தா எனக்குப் படில கால் வைக்க வராது சார், பழகின ஒடம்பு. அணைச்சுட்டு, படில எறங்கி வருவேன். அப்புறம் திருப்பிப் படியேறிப் போயி சுவிட்சப் போடணும். அதான் திட்டம். நல்ல திட்டம்தான? ஆனா... எறங்கினதும் மூச்சு வாங்கும். மேல தண்ணி பம்ப் போடறவன் ஒருத்தன் இருப்பான். ஒரு போன் அடிப்பேன், "தம்பி, அந்தச் சுவிட்சத் தட்டி விடுப்பா". தட்டி விடுவான். வீட்டுல போயி, "இன்னிக்கும் அஞ்சு மாடி"ன்னு சொல்லிக்குவேன். பொய் இல்ல, எறங்கினது அஞ்சு மாடிதான!

இன்னிக்கு நீங்க உள்ள நொழைஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? ஆள் இல்லாத லிப்ட்ல நீங்களா ஏறி நீங்களா பட்டன அமுக்கினா? அதுவும் தப்புதான? அஞ்சாவது மாடிலேருந்து மொட்டமாடிக்கு இருக்கற அந்தக் கொஞ்சூண்டு படிய ஏறி, நின்னு, மூச்சு வாங்கி, நான் சுவிட்ச அணைக்கறதுக்குள்ள நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க! அவ்ளோ மெதுவா ஏறியிருக்கேன். பம்ப்காரனுக்கு அப்பவே போன் அடிச்சேன். பல்லு வலின்னு மூணாவது மாடில வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கானாம். எப்ப விடுவாங்கன்னு தெரியாது. அந்த "வந்துட்டே இருக்கற ஆள்" அவன்தான் சார்.

எனக்கும் தெரியுது. நான் எந்திரிச்சுப் போனா முடிஞ்சது. கேக்குத் தின்ன நேரத்துல பாதி ஏறியிருக்கலாம்.

இருங்க. கம்பியப் பிடிச்சுக்கறேன். ஹும்... எந்திரிச்சுட்டேன். நான் பேசிட்டே போறேன், நீங்க அப்பப்ப ஊம் கொட்டுங்க, இல்லன்னா உக்காந்துடுவேன்.

மொதல் மாடி சார். இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்சூரன்ஸ்காரங்க எட்டிப் பாக்கறாங்க. என்னம்மா பாக்கறீங்க, லிப்ட்காரன் படியேறக் கூடாதா? ...ஸ்வீட்டா? இப்ப வேணாம்மா. இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல, நெஜமாவே வேணாம்.

சார், கேட்டீங்களா? வேணாம்னு சொன்னேன், அந்தம்மா மனசு ஒண்ணும் நோகல, சிரிச்சுட்டே உள்ள போயிட்டாங்க!

ரெண்டு... ரெண்டாவது மாடி. இங்கதான்... அன்னிக்கு உக்காந்தது... இது வேற ரெண்டாவது மாடி, ஆனாலும்... சார், ஊம் கொட்டுங்க சார்!... ஆங். போறேன். மெதுவா போறேன். கால் நடுங்குது, ஆனா... நடக்குது.

மூணு. டேய் பம்ப்காரா... வாய மூடாத, நீ படு... நான் பாத்துக்கறேன்.

நாலு... சார்... வேர்வை கண்ணுல... இருக்கீங்களா? நானும் இருக்கேன். நிக்கறேன்... உக்காரல... நிக்கறேன், அவ்ளோதான்... போலாம்.

அஞ்சு... உங்க ஆபீஸ்... கை தட்டறாங்க சார்... எதுக்குன்னு அவங்களுக்கே தெரியல...

வந்துட்டேன்! மொட்டமாடி சார்! மேல காத்து... ஐயோ, என்னா காத்து! இருங்க, மூச்சு... சார்! சார், ஒண்ணு தோணுச்சு... கேக்குதா? சத்தமா சொல்றேன்! இது அஞ்சாவது மாடிக்கும் மேல! என் பொண்ணு வீடு நாலாவதுதான சார்! நாலாவதுதான! அதையும் தாண்டி வந்துட்டேனே! ஹலோ... ஹலோ, யம்மாடி, அப்பா பேசறேன். மூச்சா? ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷத்துல வாங்குது. பேரன் முழிச்சிருக்கானா? தூங்க விடாத. கொஞ்சம் வெளையாட்டுக் காட்டிட்டு இரு. கதவத் தொறந்து வெய். பையெல்லாம் விடாதம்மா, நான் வர்றேன். மேலதான். ஆமா, மேலதான் வர்றேன்! அழாதம்மா, நீ அழுதா அவனும் அழுவான்... வெச்சிடறேன், இப்பவே கெளம்பறேன்!

விடுங்க விடுங்க, வழி விடுங்க... வர்றேன்மா... இல்லம்மா, ஸ்வீட்டு நாளைக்கு... பாத்து, பாத்து...

சார்! என்ன சார் இது, இன்னும் இங்கயே தொங்கிட்டு இருக்கீங்க? லிப்ட் ஓடலையா? இந்தக் கரண்டுக்காரங்கள என்ன பண்ணினாத் தேவல... ஏன் தலைல அடிச்சுக்கறீங்க? சுவிட்சா?

சுவிட்ச... நான்...

மேல போனேன். மூச்சு வாங்கினேன். பொண்ணுகிட்ட பேசினேன். எறங்கிட்டேன்.

இல்ல சார், போன எடுக்காதீங்க. யாரையும் கூப்பிட வேணாம், பம்ப்காரனும் வேணாம். அணைச்சது நான், நானே போயிப் போடறேன். இதோ ஏறிட்டேன் பாருங்க, மொதல் மாடி. என்னது? செத்த உக்காந்துட்டுப் போகச் சொல்றீங்களா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா வேணாம். நான் உக்காந்தா அங்க பேரன் தூங்கிடுவான்.