வியாழக்கிழமைச் சீட்டு

கொரோனா நேரத்துல சாப்பாட்டுக் கடையில பேரு, நம்பர் எழுதி வாங்கின சீட்டையெல்லாம் இன்னுமா மேடம் இந்தச் சுகாதார ஆபீஸ்ல வச்சிருக்கீங்க? நாலு வாரத்துல அழிச்சிடுவோம்னுதானே சொன்னீங்க? மூணு வருசமாச்சே.

இல்லல்ல, சண்டைக்கு வரலை. மகளை மழலைப்பள்ளியில விட்டுட்டு அப்படியே வந்தேன். நான் ரோன்யா. உங்களுக்குக் கடுதாசி போட்டாங்களே ஹெட்விக் ப்ராண்ட்னர், அவங்க மருமக. ஆமா, அந்தச் சிவப்பு மை அடிக்கோடுதான். என்னைப் பத்தி என்னென்ன வச்சிருக்கீங்களோ அத்தனையும் அனுப்புங்கன்னு.

அத்தை அப்படித்தான். பார்சல் அட்டையில விலாசத்தைச் சுரண்டாம குப்பையில போட மாட்டாங்க. கம்ப்யூட்டர் மேப்புல எங்க தெருப் படத்தைப் பாருங்க, எங்க வீடு மட்டும் பனி மூடினாப்ல இருக்கும். எழுதிக் குடுத்து மறைக்க வச்சது அவங்கதான். கொரோனா முழுக்க நான் வாசப்படி தாண்டலை, என் பேர்ல ஒரு வரி இருந்தாலும் கோர்ட்டுக்கு இழுக்கறேன்னு நிக்கிறாங்க.

பதினோரு வரியா? அப்ப ஒண்ணுகூட விடலை நீங்க.

சொல்லிடறேன். பிள்ளை பெத்த உடம்புன்னு வியாழக்கிழமை எனக்கு உடற்பயிற்சி வகுப்பு. ரெண்டாம் வாரமே மூடிட்டாங்க. வீட்ல சொல்லலை. குழந்தையை வாங்கிக்கிட்டு, போயிட்டு வாம்மான்னு அத்தையே கோட்டை எடுத்து நீட்டும்போது எப்படிச் சொல்ல? நேரா பீர் தோட்டம், மரத்தடியில பெஞ்சு போட்ட அந்தச் சாப்பாட்டுக் கடைதான். ஒரு பீர், பிரெட்செல்னு ஒரு முறுக்கு ரொட்டி, ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு நாற்காலி.

சீட்டுல சொந்தப் பேரை எழுதாதேன்னு சொல்லிக்குடுத்ததும் அத்தைதான். ஊர்ல பாதிப் பேரு செத்துப்போன ராஜா பேரை எழுதினாங்க. எனக்குப் பொறுப்பு இருக்கே, தொத்துன்னா தகவல் வீட்டுக்கு வரணுமில்ல? அதான், வீட்டு நம்பர், அத்தை பேரு. அங்க சமையல்காரருக்குக் கொரோனா வந்து, நீங்க சீட்டுப் பெட்டியையே அள்ளிட்டு வந்தீங்க. பத்து நாள் நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடலை.

இப்பவும் போறேன் மேடம். உனக்கு முதுகு நல்லா நிமிர்ந்துடுச்சுன்னு அத்தைக்குப் பெருமை. உங்க பதில் வந்துச்சுன்னா என் வியாழக்கிழமை போச்சு. இனிமே அவங்க என் முகத்தைப் பார்த்துப் பேசுவாங்களான்னும் தெரியாது.

கேட்டுக் கடுதாசி வந்தப்புறம் அழிக்கக் கூடாதா? சட்டமா? நாலு வாரச் சட்டத்துக்கு மட்டும் தூக்கம் வந்துடுச்சாக்கும்.

சரி, விடுங்க. பதில்ல இன்னைக்கு வரைக்கும் உள்ளதெல்லாம் சேருமா? இல்ல, இப்ப உள்ள வரும்போது உங்க வாசல்ல காவலாளி, வர்றவங்க பேரெழுதற நோட்டை நீட்டினாரு. பழகின கை மேடம், அத்தை பேரையே எழுதிடுச்சு. அந்த ஒரு பக்கத்தையாவது கிழிச்சுக் குடுங்களேன்.