மாடி வச்ச லயம்

பண்டாரவளையில், மூடிக்கிடக்கும் மேசை நாற்காலித் தளபாடக் கடைக்கு எதிரே எங்கள் பஸ் நெரிசலில் நின்றது. கடை வாசலில் புதிதாக ஓர் அறிவிப்புப் பலகை. முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் குரல் பஸ்ஸுக்கே கேட்டது.

“இந்த எடத்துல லயம் கட்டப் போறாங்களாம், செல்வி.”

“டவுன்லயா, சரசக்கா?”

“மாடி வச்ச லயம். நம்ம லயம் மாதிரியே ஒட்டிஒட்டி வரிசையா வீடு. கடை எடத்த குடியிருப்பு எடமா மாத்தித் தரச் சொல்லி மாநகர சபையில கேட்டிருக்காங்க. எம் மகன் ஒண்ணு வாங்கப் போறானாம்.”

“நீ போயிட்டா, காலையில தேத்தண்ணி ஊத்திட்டு நான் யாரு செவுத்தத் தட்டிக் கூப்புடுறது?”

“ஒம் மகளும் கொழும்புல சம்பாதிக்கிறாள்ல? பக்கத்து வீட்ட வாங்கச் சொல்லு. ஆனா தட்டுனா கேக்காதாம். செவுரு அவ்வளவு தடிப்பாம். மகன் அதத்தான் பெருமையா சொல்றான்.”

செல்வி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆட்சேபனை இருந்தா சபையில சொல்லலாம்னு போட்டிருக்கேக்கா.”

“நமக்கென்னடி ஆட்சேபனை?”

“செவுர மெலிசா கட்டச் சொல்லணும்.”